ஒரு பிலிம் கனம்

வேறு ஏதாவது கம்ப்ளைன்ட் இருக்கா மேடம் என்று பைக் சர்வீஸ் சென்டர் ஆள் இரண்டாம் தடவையும் கேட்டபோது, ஒன்றுமில்லை தம்பி என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி பேசாமல் வந்து உட்கார்ந்திருக்கலாம். ஆயில் மாத்தணும், பிரேக் பாக்கணும், அவ்வளவுதான் என்று வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் கேள்வி கேட்கிறவனுக்கு முன்னால் வெறும் வாயோடு நிற்க முடியவில்லை. வண்டி வைத்திருக்கிறவள் வண்டியைப் பற்றி ஏதாவது தெரிந்தவளாக இருக்க வேண்டாமா? "டக்கு டக்குனு ஒரு சத்தம் வருது" என்று சொல்லிவிட்டாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. குறித்துக்கொண்டு, சரி பண்ணிடலாம் மேடம், நீங்க உள்ள ஏசில உட்காருங்க என்றான். இதே வேலையைத்தான் இவளும் இத்தனை வருஷமாகச் செய்கிறாள். திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். எங்கே வலிக்குது என்று கேட்டால், வலியே இல்லாமல் டாக்டர் சீட்டுக்காக வந்தவர்கள்கூட, கேட்டுவிட்டாளே என்பதற்காக முழங்காலையோ முதுகையோ தடவிக் காட்டுவார்கள். அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். இப்போது அவளே தடவிக் காட்டிவிட்டு வந்து, வழுக்குகிற நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டியை ஒரு மேடையில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். நீலச் சட்டை போட்டவன் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். சத்தம் எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. ஊமைப்படம் மாதிரி இருந்தது.

புருஷன் தெய்வேந்திரன் பார்த்தால் என்ன சொல்வார் என்பதை யோசிக்கவே வேண்டியதில்லை, அது தானாகக் காதில் கேட்டது. கண்ணாடிக்குப் பின்னாடி உக்கார வச்சு காப்பி குடுக்கறான்னா, உன்னய உள்ள விட அவனுக்கு மனசில்லைன்னு அர்த்தம் ஜெயா. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த மனுஷன், மெக்கானிக் வேலை எங்கேயும் கற்றவர் இல்லை. வண்டி வாங்கிய புதிதில் இலவச சர்வீஸுக்கு விட்டதில் ஏதோ ஒரு போல்ட்டின் தலை தேய்ந்து வந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த வீம்பு, அதற்குப் பிறகு அந்த வண்டியில் வேற்று ஆள் கை படவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் இட்லிக்கு முன்னால் வண்டி. பழைய பேப்பரை விரித்து, கழற்றுவதையெல்லாம் இடமிருந்து வலமாக வரிசை கட்டி வைப்பார். டார்ச் அடிக்க இவள். நான் எங்க பாக்குறேனோ அங்க அடிக்கணும், உனக்கு எங்க பாக்கணும்னு தோணுதோ அங்க அடிக்கக் கூடாது என்பார். இத்தனைக்கும் நாள் முழுக்க அடுத்தவர்கள் உடம்பில் விளக்கை விழவைத்துக் கோணம் பார்க்கிறவள் அவள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த டார்ச்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கிறாள், மாவு பொங்கிப்போகிறது, துணி ஊறிக்கொண்டிருக்கிறது என்று. ஊரில் அவனவன் கம்பெனியில் விட்டுவிட்டு நிம்மதியாக மட்டன் வாங்கப் போகிறான், உங்களுக்கு மட்டும் என்ன. அவனுக்கு வண்டி தெரியாது, எனக்குத் தெரியும் என்பார் அவர். தெரிந்து என்ன, ஊரெல்லாம் கேட்கிறமாதிரி ஒரு சத்தத்தைச் சரி பண்ணத் தெரியவில்லையே. அதைக் கேட்டால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அந்தச் சத்தம். இன்ஜினுக்குத் தலை மாதிரி ஒரு பாகம் உண்டு, அதற்குள்ளே வால்வை மேலிருந்து தட்டித் திறக்கிற சின்னத் திருகுக்கு டாப்பெட் என்று பெயர் என்பதெல்லாம் டார்ச் அடித்துத் தெரிந்துகொண்டது. திருகுக்கும் வால்வுக்கும் நடுவில் துளி இடைவெளி விட வேண்டும். ஒரு ஷேவிங் பிளேடின் கனம். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு கருகிப்போகும், அதிகமானால் தட்டும். அவ்வளவுதான் விஷயம். நம் வண்டி தட்டியது. தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டக்கு டக்கு என்று, தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்கும். வீட்டில் எல்லோரையும்விட முதலில் மாமாவுக்குக் கேட்கும். மாமனார் சன்னாசி தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கூரைக்கடியில் படுத்துக்கொண்டே ரோட்டில் போவது நத்தம் வண்டியா பழனி வண்டியா என்று சொல்லுகிற காது. "வந்துட்டான். சோத்தப் போடு ஆத்தா" என்று ஜன்னலோரக் கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவார். மகன் வராமல் தட்டில் கை வைக்க மாட்டார். பெண்டாட்டி போன பிறகு வந்த பழக்கம் அது. அப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள், ஏதோ பெரிய பேச்சு பேசி முடித்த திருப்தி இரண்டு முகத்திலும் இருக்கும்.

ஏசி ஜில்லென்று கழுத்தில் அடித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் போனில் யாரிடமோ சிமென்ட் விலை பேசிக்கொண்டிருந்தார். வண்டி அங்கே நிற்கிறது, ஏன் இன்னும் இன்ஜினில் கை வைக்கவில்லை என்று பார்த்தாள். கேட்டதற்கு அந்த ஆள் ஏற்கெனவே சொல்லியிருந்தான், சூடா இருக்கு மேடம், டாப்பெட் பாக்கணும்னா இன்ஜின் நல்லா ஆறணும். ஆறணும். இதைத்தானே அவரும் சொல்வார். சனிக்கிழமை சாயங்காலமே வண்டியை நிறுத்திவிடுவார், எடுக்க விட மாட்டார், கடைக்குப் போவதென்றாலும் நடந்து போ என்பார், ராத்திரி பூரா ஆறட்டும், சூட்டோட அளந்தா அளவு பொய் சொல்லும். காப்பியையும் அப்படித்தான் ஆறவைத்து ஆறவைத்து, கடைசியில் பச்சைத்தண்ணி மாதிரி குடிப்பார். சங்கத்தில் அன்றைக்கும் காப்பியை மேஜையில் ஆற வைத்திருந்தாராம். டம்ளரை எடுக்கக் கையை நீட்டினவர் அப்படியே பேரேட்டின் மேல் கவிழ்ந்துவிட்டார் என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு தடவைகூட நெஞ்சு வலிக்குது என்று சொன்னவர் இல்லை. சொல்லியிருந்தால் இவள் படம் எடுத்துப் பார்த்திருப்பாள். அத்தனை பேர் நெஞ்சைப் படம் எடுத்தவள். இந்த இடத்துக்கு வந்தால் எண்ணம் நின்றுவிடும், அதற்கு மேல் போகாது, திரும்பி வந்து மறுபடி இங்கேயே முட்டும். அத்தனை பேர் நெஞ்சை எடுத்தவள்.

மாமாவுக்கு அன்றைக்குத் தெரிந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார், கொள்ளி வைக்க யார் என்ற பேச்சு வந்தபோது நான்தான் என்று எழுந்து நின்றார். காரியமெல்லாம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு ஒரு சாயங்காலம், "என்ன ஆத்தா, அவன இன்னும் காணோம்" என்று சாதாரணமாகக் கேட்டார். முதுமையில் ஏற்கெனவே லேசாகத் தடம் புரண்டிருந்த ஞாபகம், அந்த ஒரு நாளை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ள மாட்டேன் என்று துப்பிவிட்டது. ஜெயக்கொடி உண்மையைச் சொன்னாள். அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். ஒரு மனுஷனுக்கு ஒரே மகனை எத்தனை தடவை சாகக் கொடுப்பது? அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொல்லாததால் அவர் சாப்பிடவில்லை. தட்டை முன்னால் வைத்தால் வாசலைப் பார்ப்பார், அவன் வரட்டும் என்பார், மறுநாள் காலைவரைக்கும் அந்தச் சோறு அப்படியே இருக்கும். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் சங்கத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள், சார் வண்டி ஷெட்டிலேயே நிக்குது, எடுத்துட்டுப் போறீங்களா என்று. கியர் வண்டி ஓட்ட அவர்தான் கல்யாணமான புதிதில் கல்லூரி மைதானத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார், பொம்பளைக்கு எதுக்கு என்று மாமாகூட அப்போது முனகினார். உதைத்து ஸ்டார்ட் பண்ணி, அழுதுகொண்டே முதல் கியரில் ஓட்டிக்கொண்டு வந்தாள். தெருமுனை திரும்பினாள். டக்கு டக்கு டக்கு. வாசலில் நிறுத்தி உள்ளே நுழைந்தால் மாமா எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வந்துட்டான், சோத்தப் போடு ஆத்தா. கை கழுவிட்டு வர்றாரு மாமா, நீங்க ஆரம்பிங்க என்று அவள் வாய் தானாகச் சொன்னது. அவர் சாப்பிட்டார். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிப்பதற்குள் யாருக்காகக் காத்திருந்தோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. அன்றையிலிருந்து பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு வண்டியில்தான் போகிறாள், வருகிறாள். தினமும் சாயங்காலம் தெய்வேந்திரன் வீட்டுக்கு வருகிறார்.

இத்தனையும் தெரிந்தவள்தானே, என்ன காரியம் பண்ணினாள்? டக்கு டக்குனு ஒரு சத்தம் வருது. அதைக் கம்ப்ளைன்ட் என்று சொன்னது எந்த வாய்? இத்தனை வருஷம் அவரிடம் நச்சரித்த அதே வாய், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. ஆயில் கருத்துப்போய்விட்டது, பிரேக் கீச்சிடுகிறது, கம்பெனியிலேயே விட்ரும்மா, ரோட்ல நின்னா என்ன பண்ணுவ என்று கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிற மகள் அகிலா போன் பண்ணிப் பண்ணிச் சொல்லித்தான் இங்கே வந்தாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆயிலோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலச்சட்டைக்காரன் இன்ஜின் தலையிலிருந்த இரண்டு மூடிகளையும் திறந்துவிட்டான். குனிந்து, விசிறி மடிப்பு மாதிரியிருந்த ஒரு கருவியிலிருந்து மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைப் பிரித்து உள்ளே விட்டான். அது தொளதொளவென்று ஆடுவது இவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அந்தத் தகட்டைப் பார்த்ததும்தான் அவளுக்கு மண்டையில் உறைத்தது.

அவருக்குத் தகடு கிடையாது. பிளேடுதான். அது ஒருநாள் உடைந்துபோனது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் செயின் துடைக்கிறேன் என்று விரலைப் பல்சக்கரத்தில் கொடுத்து வீங்க வைத்துக்கொண்டு வந்திருந்தார், இவள்தான் சென்டருக்கு இழுத்துப்போய்ப் படம் எடுத்தாள். கையைப் பலகையில் விரித்து வைத்து, மூச்சை அடக்கிக்கங்க என்றாள், வாய்ப்பழக்கம். கைக்கு எதுக்குடி மூச்சை அடக்கணும் என்று அவர் சிரித்த சிரிப்பில் படம் அசைந்து, இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று. எலும்பு முறியவில்லை. அந்த இரண்டில் ஒரு பிலிமைத்தான் பிளேடு உடைந்த அன்றைக்குக் கத்திரிக்கோலால் நீளவாக்கில் வெட்டினார். அடுத்த தடவை டாக்டர் கேப்பாருங்க, அதைப் போய் வெட்டுறீங்களே என்று இவள் கத்தினாள். பிளேடும் பிலிமும் ஒரே கனம்தான், அதுவுமில்லாம கையைக் கிழிக்காது என்றார். ஒரே கனமாவது. நாள் முழுக்கப் பிலிமைப் பிடித்துப் பிடித்து விரலில் ரேகை தேய்ந்தவளுக்குத் தெரியாதா, பிலிம் பிளேடைப்போல இரண்டு பங்கு இருக்கும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது உறைக்கவில்லை, டார்ச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றையிலிருந்துதான் அந்தச் சத்தம். அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். ஒத்துக்கொள்ள மனசு வராமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் விரலெலும்பு விழுந்த பிலிம், இவள் எடுத்த படம், அதன் கனத்துக்கு ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் தட்டின சத்தம். அதைத்தான் அங்கே ஒருவன் ஸ்பேனரை வைத்து இறுக்கிக்கொண்டிருக்கிறான்.

எழுந்தாள். கைப்பை கீழே விழுந்தது, எடுத்தாள். கண்ணாடிக் கதவில், வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்தது. என்னவென்று சொல்வது? சத்தத்தை எடுத்துவிடாதே என்றா? ஏன் என்று கேட்பானே. பைத்தியம் என்று நினைப்பானே. நினைத்துவிட்டுப் போகட்டும், பைத்தியம் என்று பெயர் வாங்கினால் என்ன குறைந்துபோகிறது, போ, போய்ச் சொல்லு, கதவைத் தள்ளு. தள்ளவில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் ஒரு கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போயிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? கதவு தானாகத் திறந்தது. கம்ப்ளைன்டைக் குறித்துக்கொண்ட ஆள் சிரித்த முகத்தோடு வெளியே வந்தான். டாப்பெட் ரொம்ப லூசு மேடம், கம்பெனி அளவுக்கு ரெண்டு மடங்கு இருந்துச்சு, இதுக்கு முன்னாடி யார் பாத்தது என்று கேட்டான். வீட்டுக்காரர் என்றாள். வீட்ல கை வைக்க வேணாம்னு சார்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மேடம் என்றான், மரியாதையாகத்தான் சொன்னான்.

"தம்பி, அதைப் பழையபடி லூசாவே விட்டுத் தர முடியுமா?"

அவன் அவளைப் பார்த்தான். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று தீர்மானித்துச் சிரித்தான். "முடிச்சாச்சு மேடம். கேட்டுப் பாருங்க, இப்ப வண்டி இருக்கறதே தெரியாது."

இருக்கிறதே தெரியவில்லைதான். பணத்தைக் கட்டி, கையெழுத்துப் போட்டு, சைடு பாக்ஸ்ல இருந்துச்சு மேடம், உங்க பொருள் எதையும் நாங்க எடுக்கறதில்ல என்று நீட்டின சின்ன பிளாஸ்டிக் உறையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை, பிரேக் தொட்டால் நிற்கிறது, கியர் நழுவி விழுகிறது, ஒழுங்கான ஆட்கள், ஒழுங்கான வேலை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யார்மேலாவது கோபப்பட வழியிருந்தால் வீடுவரை அதைப் பிடித்துக்கொண்டாவது போகலாம். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஓட்டினாள். எங்கேயாவது ஓர் ஓரத்தில் ஒரு டக்கு மிச்சமிருக்காதா? வெள்ளை விநாயகர் கோயில் தாண்டி, வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள், கியரைக் குறைத்து முறுக்கிப் பார்த்தாள். காற்றுதான் கேட்டது. சாவுக்கு அழுத அழுகையில் பாதியை அந்த ரோட்டில் அழுதாள். அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். ஹெல்மெட்டுக்குள் அழுகிறவளை யார் பிடித்துக்கொள்வது. இப்போதுதான் அவர் போகிறார் என்று தோன்றியது. இத்தனை நாள் ஒரு பிலிம் கனத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

தெருமுனையில் நிறுத்தினாள். வாயால் அந்தச் சத்தத்தைச் செய்து பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவ்வளவு தூரம் புத்தி போயிற்று. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியை வாசல்வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். உள்ளே அசைவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் மாமா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார், காது ரோட்டில் இருந்தது. நிலைப்படியில் அவள் நிழல் விழுந்த பிறகுதான் திரும்பினார்.

"நீ வந்துட்டியா ஆத்தா. அவன் இன்னும் வரலியே."

அவள் உள்ளே போய்ச் சோற்றை வடித்து இறக்கினாள், குழம்பைச் சுட வைத்தாள், தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை. சொல்லிவிடலாமா என்று தொண்டைவரை வந்தது. இன்னொரு தடவை சாகக் கொடுத்துவிடலாமா. வாசலுக்கு வந்து கைப்பையிலிருந்த உறையைப் பிரித்தாள். ஒரு ஸ்க்ரூ, காய்ந்த துணி, நடுவில் நீளமாக வெட்டின கறுப்புப் பிலிம். வெளிச்சம் இருந்த பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள், வேலையில் தினமும் பிடிக்கிறமாதிரி. ஒற்றை விரல், மூன்று கணு, நுனி கொஞ்சம் கலங்கியிருந்தது. இரண்டில் இது அவர் சிரித்தபோது அசைந்த படம். அசையாதீங்க என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னாள்.

அலமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். ஸ்பேனர்கள் அவர் வைத்த வரிசையிலேயே இருந்தன. பழைய பேப்பரை எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் விரித்தாள். முதலில் பக்கத்து மூடி, பிறகு தலையில் இரண்டு மூடி, சக்கரத்தைச் சுற்றிக் குறி வரும் இடத்தில் நிறுத்தணும், பூட்டு நட்டை இளக்கணும், இடையில் பிலிமை விட்டுத் திருகணும், இழுத்தா லேசா பிடிச்ச மாதிரி வரணும். ஒவ்வொன்றும் அவர் குரலில் வந்தது. எங்கே பார்க்கணும் என்று தெரியும். டார்ச் பிடிக்கத்தான் ஆள் இல்லை. தப்பாகத் திருகிவிட்டால்? வால்வு கருகிவிட்டால்? வண்டியே நின்றுபோனால் நாளைக்கு இருக்கிறதும் இல்லாமல் போகும். ஸ்பேனரைப் பேப்பரில் இடது ஓரமாக வைத்தாள்.

"ஆத்தா, சோத்த மூடி வையி. அவன் வர்றதுக்குள்ள ஆறிப்போயிரும்" என்று உள்ளேயிருந்து மாமா சொன்னார்.

"ஆறட்டும் மாமா" என்றாள். இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சுட்டது.